பிறேசிலில் ஒரு பரிசோதனைத் தோட்டம்

புதிய நெல்லினம் ஒன்று கமக்காரரின் வயலுக்கு வருமுன் ஆராய்ச்சி நிலையத்திற் பல போகங்களுக்கு விதைத்துப் பார்க்கப்படுகின்றது. மழை மிகுந்த போகத்தில் அது சாய்கின்றதா, எரிபந்த நோயைத் தாங்குகின்றதா, கபிலநிறத் தத்திக்கு இரையாகின்றதா என்பவற்றையெல்லாம் அறிந்த பின்னரே அதன் விதை வெளியிடப்படுகின்றது. பூங்காக்களை வகுத்து அமைப்போரிடம் இவ்வழக்கம் பெரும்பாலும் இல்லை. நாற்றுச்சாலையிற் கிடைக்கும் செடிகளுள் அழகானவற்றைத் தெரிந்து, வரைபடத்திற் குறித்த இடங்களில் நட்டுவிடுவர். மூன்று ஆண்டு சென்றபின் அவற்றிற் பாதி பட்டுப்போனால் அந்நட்டம் தோட்டத்துக்கு உடையவரையே சேரும்.

இதற்கு மாறாக, தாம் அமைக்கும் பூங்காக்களுக்கு வேண்டிய செடிகளைத் தமது சொந்தக் காணியில் ஆண்டுக்கணக்காக வளர்த்துப் பார்த்தவர் ஒருவர் பிறேசில் நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் றொபேர்ட்டோ பூர்லே மார்க்ஸ். றியோ டி ஜெனெய்ரோ நகரத்தின் மேற்குப் புறத்தே குவாரத்தீபா என்னும் பகுதியில் அவர் உண்டாக்கிய தோட்டம் இன்றும் உள்ளது. நெல்லும் மரக்கறியும் செய்வோருக்கு அலங்காரச் செடித் தோட்டத்தால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். செடி எதுவாயினும் அதனை அறிந்துகொள்ளும் முறை பெரிதும் வேறுபடுவதில்லை. அம்மட்டுமன்றி, பிறேசிலிலிருந்து வந்த அலங்காரச் செடிகளால் இலங்கையின் வயல்கள் அடைந்த கேடும் இவ்விடயத்தோடு தொடர்புடையது. அது பின்னர்க் கூறப்படும்.

பூர்லே மார்க்ஸ் 1909ஆம் ஆண்டு சாவோ பாவுலோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஜேர்மனியிலிருந்து வந்தவர்; தாயார் பிறேசிலின் வடகிழக்கிலுள்ள றெசிஃபே நகரத்தைச் சேர்ந்த குடும்பத்தினர். 1913இற் குடும்பம் றியோவுக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே வீட்டுத் தோட்டத்திற் செடி வளர்க்கப் பழகிய அவர், 1928இற் பேர்ளினுக்குச் சென்று சில காலம் தங்கினார். அக்காலத்தில் அவர் மனம் ஓவியத்திலும் இசையிலுமே சென்றது. பேர்ளினின் டாலெம் தாவரவியற் பூங்காவிற் பெரிய கண்ணாடி வீடுகள் உண்டு. குளிர் நாட்டில் வெளியே வாழமுடியாத வெப்பவலயச் செடிகளை அவற்றினுள்ளே சூடேற்றி வளர்ப்பர். பிறேசிற் காடுகளுக்குரிய செடிகள் பல அங்கே பெருஞ்செலவிற் பேணப்படுவதை அந்த இளைஞர் கண்டார்.

அவருடைய நாட்டிலோ அச்செடிகளுக்குத் தோட்டத்தில் இடமிருக்கவில்லை. செல்வர் வீட்டு முற்றங்கள் ஐரோப்பிய முறையில் வகுக்கப்பட்டு, ஐரோப்பியர் விரும்பிய செடிகளால் நிரப்பப்பட்டிருந்தன. காட்டுச் செடி என்றால் வெட்டி எரிக்கவேண்டிய பற்றை என்பதே பொது எண்ணம். வேலியிற் படர்ந்திருக்கும் முசுட்டையையும் தூதுவளையையும் மிதித்துக்கொண்டு சந்தைக்குச் சென்று கோவா வாங்குவோர் எல்லா நாட்டிலும் உளர்.

நாடு திரும்பி றியோவின் நுண்கலைக் கல்லூரியிற் பயின்ற பூர்லே மார்க்ஸ், 1934இல் றெசிஃபே நகரத்தின் பூங்காக்களுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அந்நகரத்துக்கு உட்புறமாக வறண்ட நிலம் பரந்து கிடக்கின்றது. காட்டிங்கா என்பது அங்குள்ள காட்டின் பெயர். பழங்குடி மக்களின் மொழியில் அச்சொல்லுக்கு வெண்காடு என்று பொருள். வறட்சிக் காலத்தில் மரங்கள் இலையுதிர்த்து, வெளிறிய கிளைகளோடு நிற்பதால் இப்பெயர் உண்டாயிற்று. அவ்வறண்ட நிலத்தின் கள்ளி வகைகளையும் முட்செடிகளையும் கொணர்ந்து நகரச் சதுக்கம் ஒன்றில் அவர் நட்டார். முள்ளை நகரத்தின் நடுவே நடுவதா என்று கண்டனம் எழுந்தது. வேறொரு சதுக்கத்திற் குளங்களை அமைத்து அமேசன் ஆற்றுப் பகுதியின் நீர்ச்செடிகளை வளர்த்தார். வறண்ட இடத்துச் செடிக்கு வறண்ட இடமும் நீர்ச்செடிக்கு நீரும் கொடுக்கவேண்டும் என்பது கமக்காரர் எவருக்கும் தெரிந்த செய்தி. ஆயினும் அந்நாளைப் பூங்காக்காரர் அதனைக் கைக்கொள்ளவில்லை. எல்லாச் செடிகளையும் ஒரே பாத்தியில் வைத்து வாளியால் நீர் ஊற்றிக் காப்பாற்ற முயன்றனர்.

இவ்வாறு செடி சேர்க்கத் தொடங்கியவருக்கு றியோவிலிருந்த வீட்டுத் தோட்டம் விரைவிற் போதாமற் போயிற்று. 1949இல் அவரும் அவருடைய உடன்பிறந்தார் ஒருவரும் சேர்ந்து குவாரத்தீபாவிற் பழைய தோட்டக் காணி ஒன்றை வாங்கினர். இன்றைய அளவு ஏறக்குறைய 100 ஏக்கர். அடிவாரத்திலே கண்டற் காடு. அதற்கு மேல் மணற்பாங்கான தரை. அப்பால் உயர்ந்து செல்லும் மலைச்சரிவு. இடையிடையே பெரிய கருங்கற் பாறைகள். உச்சியில் அடர்ந்த காடு. காணிக்குள்ளே ஊற்று நீரும், 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சிறு கிறித்தவ ஆலயமும் இருந்தன. நெற்காணி தேடுவோர் இத்தகைய நிலத்தை விலை கேட்கவும் மாட்டார். பலவகைச் செடிகளை வளர்த்துப் பார்க்க விரும்பியவருக்கோ இதைவிட ஏற்ற நிலம் கிடைத்தல் அரிது. நிழல், வெயில், ஈரம், வறட்சி, உப்புக்காற்று, பாறை, மணல் ஆகிய யாவும் ஒரே வேலிக்குள் அமைந்திருந்தன.

இக்காணியில் 3,500க்கு மேற்பட்ட செடியினங்கள் சேர்ந்தன. அவற்றின் பெயர்கள் அயலாயினும் உறவு அயலன்று. புறோமீலியா என்னும் பெருங்கூட்டம் அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அன்னாசியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. பிலோடெந்திரன் கொடிகள் சேம்பின் குடும்பம். எலிக்கோனியா வாழைக்கு நெருங்கிய உறவு. அதன் இலையைக் கண்டவர் வாழையென்றே கருதுவர். கலாத்தியா என்னும் அழகிய இலைச்செடி கூவைக்கிழங்கின் குடும்பத்தது. இவற்றோடு பனைக் குடும்பத்து மரங்களும், ஈந்தை ஒத்த சைக்கசு வகைகளும், வெலோசியா என்னும் பாறைச்செடியும் உள்ளன.

வெலோசியாவைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். மண் அதிகமில்லாத பாறையிடுக்குகளில் வாழும் இச்செடி மிக மெதுவாக வளர்வது. இக்குடும்பத்திற் சில இனங்கள் வறட்சியில் முற்றாகக் காய்ந்து செத்தவைபோற் கிடந்து, மழை பெய்ததும் மீண்டும் பசுமை கொள்ளும். இதனை நல்ல மண்ணும் பசளையும் இட்ட பாத்தியில் நட்டால் அழுகிவிடும். அன்பு மிகுதியாற் செடியைக் கொல்லுதல் என்பது இதுவே. பூர்லே மார்க்ஸ் வெலோசியாவையும் வெயில் விரும்பும் புறோமீலியாக்களையும் தமது காணியின் பாறைகளிலேயே வளர்த்தார். நிழலுக்குரியவற்றுக்குப் பெரிய நிழற்பந்தல்களை அமைத்தார்.

செடிகளைத் தேடி அவர் பிறேசிலின் பல பாகங்களுக்கும் பயணஞ் செய்தார். தாவரவியலறிஞரும் மாணவரும் உடன் செல்வது வழக்கம். 1940களில் மெல்லோ பறேற்றோ என்னும் தாவரவியலறிஞரோடு மலைப் பகுதிகளிற் பணிசெய்த காலத்திலே, செடி எந்தப் பாறையில், எந்த மண்ணில், எந்தச் செடிகளோடு சேர்ந்து வளர்கின்றது என்பதைக் கவனிக்கும் பழக்கம் அவரிடம் உறுதிப்பட்டது. செடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருபவன் அதன் பாதியையே கொண்டு வருகின்றான். அது நின்ற இடத்தைப் பற்றிய அறிவே மற்றப் பாதி. விஞ்ஞானத்துக்கு அதுவரை தெரியாதிருந்த செடிகளும் இப்பயணங்களில் அகப்பட்டன. அவற்றுட் பல இன்று அவருடைய பெயரைத் தாங்கியுள்ளன.

கொணர்ந்த செடி உடனே பூங்காவுக்குச் செல்லவில்லை. அது வேர்கொள்ளுமா, பெருகுமா, பெருகினால் எதனாற் பெருகும் என்பன முதலில் அறியவேண்டியவை. புறோமீலியாக்களுட் பெரும்பாலானவை ஒருமுறை பூத்துப் பட்டுப்போகும். பட்டுப்போகுமுன் அன்னாசியைப் போல அடியிற் கன்று விடும். எலிக்கோனியா கிழங்கினாற் பெருகும். பிலோடெந்திரனைக் கணுவோடு கூடிய தண்டுத் துண்டினாற் பெருக்கலாம். ஒரு பூங்காவுக்கு ஒரு செடி போதாது. பூர்லே மார்க்ஸ் ஒரே இனத்தைப் பெருந்தொகையாக நட்டு, ஓவியர் நிறந்தீட்டுவது போல நிலத்தை நிரப்பும் முறையினர். ஆகவே பெருக்கிக் கொள்ள முடியாத செடி எவ்வளவு அழகாயினும் அவருக்குப் பயன்படாது. குவாரத்தீபா அவருக்கு நாற்றுமேடையாகவும் ஆய்வுக் களமாகவும் உதவியது. அங்கே இரண்டு செடிகள் தற்செயலாக அருகருகே வளர்ந்து அழகாக அமைந்தால், அதுவே பின்னர் ஒரு நகரப் பூங்காவின் அமைப்புக்கு வழிகாட்டும். வரைபட மேசையிலிருந்து தோட்டத்துக்கு எண்ணங்கள் சென்றதைப் போலத் தோட்டத்திலிருந்தும் மேசைக்கு வந்தன.

இம்முறையின் பயனை றியோவிலுள்ள பிளமெங்கோ பூங்காவிற் காணலாம். 1965இல் திறந்துவைக்கப்பட்ட அப்பூங்கா ஏறக்குறைய 300 ஏக்கர் பரப்புடையது. நகரத்தினுள் நின்ற குன்று ஒன்றை வெட்டிய மண்ணைக் கடலிற் கொட்டி நிரப்பிய தரை அது. அத்தகைய மண்ணிற் சேதனப் பொருள் குறைவு; மறைப்பற்ற வெளியாதலின் உப்புக்காற்றும் வெயிலும் நேராகத் தாக்கும். அங்கே செடிகளை அமைக்கும் பொறுப்பு பூர்லே மார்க்சிடம் வந்தபோது, எவை தாங்கும் என்பதைப் பல ஆண்டு அனுபவத்தால் அவர் அறிந்திருந்தார். பலவகைப் பனை மரங்கள் அங்கே நடப்பட்டன.

அவற்றுள் ஒன்று இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய தாளிப்பனை. முன்னோர் ஏடெழுதுவதற்கு ஓலை தந்த இம்மரம், பலபத்து ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒருமுறை உச்சியிற் பெரும் பூங்கொத்தை விரித்து, காய் முற்றியபின் பட்டுவிடும். பிளமெங்கோவில் 1960களில் நடப்பட்ட தாளிப்பனைகளிற் சில 2025ஆம் ஆண்டிற் பூத்தன. நட்டவர் 1994இலேயே காலமாகிவிட்டார். அயல் நாட்டுச் செடிகளை அவர் ஒதுக்கவில்லை என்பதற்கும் இம்மரமே சான்று. தம் நாட்டுச் செடிகளை விரும்பியவர் எனினும், பிற நாட்டுச் செடி தம் மண்ணில் அடங்கி நன்கு வளருமாயின் அதனையும் ஏற்றுக்கொண்டார்.

அடங்கி வளர்தல் என்பதை இங்கே வற்புறுத்த வேண்டியுள்ளது. ஆகாயத்தாமரை எனவும் ஆற்றுவாழை எனவும் வழங்கும் நீர்ச்செடி அமேசன் ஆற்றுப் பகுதிக்குரியது. அதன் ஊதாப் பூவின் அழகுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே வாய்க்கால்களையும் குளங்களையும் மூடத் தொடங்கியமையால், 1909இல் அதனை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. ஒழிந்ததா என்பதை வாய்க்கால் துப்புரவு செய்யும் கமக்காரரே அறிவர். 1939இல் வந்த சல்வீனியாவின் கதையும் இதுவே. தென்கிழக்குப் பிறேசிலைத் தாயகமாகக் கொண்ட அந்நீர்ப்பன்னம் நீர்நிலைகளையும் தாழ்ந்த வயல்களையும் மூடிப் பெருநட்டம் விளைத்தது. அதனை உண்ணும் சிறு கூன்வண்டு ஒன்று அதன் தாயகமான பிறேசிலிலேயே கண்டறியப்பட்டு, 1986இல் இலங்கையில் விடப்பட்ட பின்னரே பல இடங்களில் அது தணிந்தது.

ஒரு செடி தன் தாயகத்தில் அளவோடு வாழ்வதற்குக் காரணம், அதனை உண்ணும் பூச்சியும் நோயும் அங்கே உடன் வாழ்வதாகும். அவற்றை விட்டுச் செடியை மட்டும் வேற்றுநாட்டிற்குக் கொணரும்போது அதற்குக் கட்டுப்பாடில்லாமற் போகின்றது. வெளிநாட்டுச் செடி, விதை, கிழங்கு ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுவருதல் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தினாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. பயணப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரும் ஒரு கிழங்கோடு ஊர் முழுவதற்கும் ஒரு நோய் வந்து சேரலாம். நாட்டிலே ஏற்கெனவே விற்பனையாகும் புறோமீலியாச் செடிகளை முற்றத்தில் வைப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் இலையடியிற் கிண்ணம் போல நீர் தேங்கும். டெங்கு நுளம்பு அதிலே முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் அந்நீரை வடித்தல் வேண்டும்.

பூர்லே மார்க்ஸ் செடிசேர்த்த காலத்திலேயே பிறேசிலின் காடுகள் விரைவாக அழிந்துகொண்டிருந்தன. ஒருமுறை செடி எடுத்த இடத்துக்கு மீண்டும் செல்லும்போது அவ்விடம் எரிந்து கிடப்பதை அவர் கண்டதுண்டு. 1967 முதல் 1974 வரை நாட்டின் பண்பாட்டுச் சபையில் அங்கம் வகித்தபோது இவ்வழிவை எதிர்த்து அவர் வெளிப்படையாகப் பேசினார். தம் காணியிலுள்ள செடிகளுக்கும் தமக்குப்பின் காவலில்லை என்பதை உணர்ந்து, 1985இல் தோட்டம் முழுவதையும் அரசாங்கத்துக்கு நன்கொடையாக எழுதிக்கொடுத்தார். 1973 முதல் தாம் குடியிருந்த அவ்விடத்திலேயே இறுதிவரை வாழ்ந்தார். 2021இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் அத்தோட்டத்தை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இலங்கைக் கமக்காரரின் கோர்க்காலிகளிலும் விதைப் பானைகளிலும் இத்தகைய சேகரங்கள் முன்னர் இருந்தன. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பழைய நெல்லினங்களை ஒவ்வொரு குடும்பமும் தன் வயலுக்கு ஏற்றவாறு தெரிந்து பேணிவந்தது. எது எந்தத் தரைக்கு ஆகும் என்பது முதியவரின் வாயில் இருந்தது, எழுத்தில் இல்லை. முதியவர் மறைந்தபின் எஞ்சியது பெயர் தெரியாத விதை. கன்னொறுவையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் மரபுவள நிலையத்தில் இத்தகைய விதைகள் குளிரூட்டிப் பேணப்படுகின்றன. வீட்டில் அரிய விதை வைத்திருப்போர் அதில் ஒரு பங்கை அங்கே சேர்ப்பித்தல் நன்று.

தத்தம் காணியில் ஒரு சிறு பரிசோதனைப் பாத்தி வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு நூறு ஏக்கர் வேண்டியதில்லை. கிணற்றடியை ஒட்டிய ஓரிரு பாத்திகள் போதும். புதிய கத்தரி, மிளகாய், தக்காளி இனம் எதுவாயினும் அதனைத் தனியே நட்டுப் பார்த்து நல்லது என்று முடிவுசெய்தல் பிழை. வழக்கமாகச் செய்யும் இனத்தை அதன் அருகிலேயே, அதே நாளில், அதே பசளையும் நீரும் கொடுத்து நடவேண்டும். ஒரே காணியில் மண் இடத்துக்கிடம் மாறுமாகையால், இவ்விரண்டையும் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி நடுதல் நலம். நட்ட நாள், பூத்த நாள், வாடல் நோய் கண்ட செடிகளின் எண்ணிக்கை, ஆய்ந்த காயின் நிறை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவர வேண்டும். ஒரு போகத்து விளைவைக் கொண்டு காணி முழுவதையும் மாற்றிவிடலாகாது. பெரும்போகத்தில் நன்றாக நின்ற செடி சிறுபோகத்து வெயிலில் வாடுவதுண்டு.

பாத்தியிலிருந்து விதையெடுப்போர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். பூசணி இனங்களை அருகருகே நட்டால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அடுத்த முறை விளையும் காய் எந்த இனத்தையும் ஒத்திராது. இதனைத் தடுக்க, மறுநாள் மலரவிருக்கும் ஆண்பூவையும் பெண்பூவையும் முதல்நாள் மாலையிலேயே நூலாற் கட்டிவிட வேண்டும். விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவி, மீண்டும் கட்டி, அக்காய்க்கு அடையாளமிட்டு விதைக்கு விடலாம். மிளகாயும் ஓரளவு கலக்கும் இயல்புடையது. ஆகவே விதைக்குரிய மிளகாய்ச் செடிகளைப் பிற இனங்களிலிருந்து தூரத்தில் வைத்தல் வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பதால் அதில் இத்தொல்லை குறைவு. எனினும் கதிர் வெளிவந்த பின் வயலிற் கலப்பாக நிற்கும் வேற்றுச் செடிகளைக் களைந்துவிட்டே விதைநெல் அறுக்கவேண்டும்.

பரிசோதனைப் பாத்தி அமைத்தல், விதை தெரிதல், பழைய இனங்களை மரபுவள நிலையத்துக்கு அனுப்புதல் என்பவை பற்றிய மேலதிக விபரங்களை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.